சங்கொலியில் அமிழ்ந்த சொல்

பாரதப் போரின் பதினைந்தாம் நாள் துரோணரை முதலில் வீழ்த்தியது அம்பு அன்று, ஒரு செய்தி. அசுவத்தாமன் என்னும் யானையைக் கொன்ற பீமன், அசுவத்தாமன் இறந்தான் என்று கூவினான். துரோணர் அதனை நம்பினாரல்லர். பொய்யே உரையாத தருமரை வினவினார். தருமரும் ஆமென்றார், யானை என்னும் சொல்லை மட்டும் தாழ்ந்த குரலிற் கூறினார். அச்சொல் சங்கொலியில் அமிழ்ந்தது என்பர் நம் கதாப்பிரசங்கிகள். மைந்தன் மாண்டானென்று வில்லைத் துறந்தார் ஆசான்.

செய்தித் தொழிலின் இரகசியம் முழுவதும் இக்கதையில் உண்டு. தலைப்பு கொட்டை எழுத்தில். திருத்தம் உட்பக்க மூலையில்!

2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறையில் முஸ்லிம்கள் நடத்திய உணவுச்சாலையொன்றில், கறியிற் கிடந்த மாக்கட்டியைச் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றனர் சிலர். சிங்களம் நன்கறியாத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சி, ஆமென்பதுபோல் விடையளித்தார். அது காணொளியாகி முகநூலில் நாடெங்கும் பரவிற்று. பொலிஸ் அதிகாரியிடம் கூறிய குற்றவொப்புதலைக்கூட நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்பதில்லை. (1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு இழைத்த கேடு வேறு கதை.) முகநூலிலோ நடுங்கியவனின் சொல்லே தீர்ப்பாயிற்று. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாப்பொருளே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது மார்ச் பிறந்துவிட்டது. வேறொரு சச்சரவில் மூண்ட தீ திகனையில் வீடுகளையும் கடைகளையும் தின்றுகொண்டிருந்தது. யானை என்ற சொல் எவர் காதில் விழுந்தது?

அதுவரை நிலத்தினின்று நால்விரல் உயரத்தில் ஓடிய தருமரின் தேர், அவ்வுரையின் பின் மண்ணைத் தொட்டதாம். அவர் விலை கொடுத்தார். முகநூல் நிறுவனம் யாது கொடுத்தது? ஈராண்டு கழித்து, 2020 மே மாதத்தில், ஒரு மன்னிப்பு.

அரசாங்கம் கண்ட மருந்து 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவின் கையில் வைத்தது. 1973இல் லேக் ஹவுஸ் நாளேடுகளை அரசாங்கம் கைப்பற்றிய வரலாற்றை அறிந்த நாம் இதனை வரவேற்பதெங்ஙனம்? சங்கு கைமாறுமேயன்றி ஒலி குறையாது.

நாம் கேட்பது வேறு. பொய் எவரெவரைச் சென்றடைந்ததோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும், அதே மொழியில், அதே அளவில், திருத்தமும் சென்றடைதல் வேண்டும். அதனைக் கட்டளையிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே இருத்தல் வேண்டும். இஃது இயலாத காரியம் என்பார்கள். எந்தச் செய்தி எந்தக் கமக்காரனின் கைத்தொலைபேசிக்குச் சென்றதென்பதை அந்நிறுவனம் நன்கறியும். விளம்பரக் கட்டணத்தை அது அந்தக் கணக்கைக் காட்டித்தானே வாங்குகின்றது?