சைக்ளோன் டெய்லரும் பஜ் பஜ் ரயிலும்

விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளமும் ஸ்லீப்பருமாகக் காலத்தை ஓட்டிவிட்டு ரிடையர் ஆனவன். கல்கத்தா மைதானத்தில் ஹாக்கி பார்த்ததுண்டு. அது புல்தரை ஹாக்கி. பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கியை நான் நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் அதைப் பற்றி எழுத வைத்துவிட்டான், வான்கூவரில் படிக்கும் என் பேரன்.

தங்கள் ஊர் பெருமைப்படும் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொன்னார்களாம் பள்ளியில். அவன் எடுத்துக்கொண்டவர் ஃப்ரெட் டெய்லர். 'சைக்ளோன்' டெய்லர் என்றால்தான் அங்கே தெரியும். புயல் வேகமாம்.

ஒன்டாரியோவில் லிஸ்டொவல் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். காசு வாங்கிக்கொண்டு ஆடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம் அது. 1904-ல் மிச்சிகன் பக்கத்துச் சுரங்க ஊர்களில், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு என்று ஒளிவுமறைவின்றி ஒரு லீக் தொடங்கினார்கள். டெய்லரும் அங்கே போய் ஆடினார். 1907-ல் ஒட்டாவா அணி அவரை இழுத்துக்கொண்டபோது, கூடவே குடியேற்றத் துறையில் ஒரு குமாஸ்தா உத்தியோகமும் கிடைத்தது. 1909-ல் ஸ்டான்லி கோப்பை. அடுத்த சீசனுக்கு ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊர் அணி அவருக்குக் கொடுத்த தொகை 5,250 டாலர். இரண்டு மாத ஆட்டத்துக்கு! பணம் போட்டவர்கள் ஓப்ரையன் குடும்பம். ரயில் பாதை கான்ட்ராக்டில் சம்பாதித்தவர்கள் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கான்ட்ராக்டர்கள் எல்லா ஊரிலும் கான்ட்ராக்டர்கள்தான்.

இவ்வளவு சம்பாதித்தும் மனுஷர் சர்க்கார் உத்தியோகத்தை விடவில்லை. இது நமக்குப் புதிதல்ல. நம் லெஸ்லி கிளாடியஸ் பிலாஸ்பூரில் பிறந்து, பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் ஆடத் தொடங்கி, பிறகு கல்கத்தா கஸ்டம்ஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் 1948, 1952, 1956 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கமும், 1960-ல் கேப்டனாக வெள்ளியும் கொண்டுவந்தார். பந்து கைவிட்டாலும் மாதச் சம்பளம் கைவிடாது.

டெய்லர் 1912-ல் வான்கூவர் அணிக்கு மாறினார். உத்தியோகமும் அங்கேயே தொடர்ந்தது. 1915-ல் மறுபடி ஸ்டான்லி கோப்பை. 1947-ல் புகழ்பெற்றோர் பட்டியலில் இடம். 1979-ல் பழுத்த வயதில் காலமானார். பேரன் கட்டுரை இதோடு முடிந்துவிட்டது.

நான் கேட்டேன்: "1914 எங்கேடா?"

அந்த வருஷம் மே 23-ந் தேதி கோமகட்டா மாரு என்ற கப்பல் 376 பேருடன் வான்கூவர் வந்தது. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். சொந்த நாட்டிலிருந்து வழியில் நிற்காமல் நேரே வருகிறவர்களுக்குத்தான் அனுமதி என்று கனடாவில் 1908-லேயே உத்தரவு போட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி ஒரு கப்பலே கிடையாது. உத்தரவின் சூட்சுமம் அதுதான். அந்தக் கப்பலை முதலில் போய்ச் சந்தித்த குடியேற்ற அதிகாரி நம் சைக்ளோன் டெய்லர். இரண்டு மாதம் துறைமுகத்திலேயே காய்ந்து கிடந்தார்கள். ஒரு சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. ஜூலை 23-ல் போர்க்கப்பலைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்த இடம் எது தெரியுமோ? லேக் கார்டன்ஸில் லோக்கல் ஏறினால் நாம் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கும் பஜ் பஜ்.

இதைச் சொன்னதும் என் மகன் குறுக்கிட்டான். "குழந்தைக்கு எதற்கப்பா அதெல்லாம்? அவன் அங்கேதானே வளர வேண்டும்?" அவன் கவலை எனக்குப் புரிகிறது. பிழைக்கப் போன ஊரில் பழைய கணக்கைப் பேசாதே என்று என் தகப்பனார் கல்கத்தாவில் எனக்கும் சொன்னதுதான். ஆனாலும் நான் ஒப்பவில்லை. 2016-ல் கனடா பிரதமரே பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்ட விஷயத்தை, நம் வீட்டுப் பிள்ளை எழுதக் கூடாதா?

டெய்லரை வில்லனாக்கச் சொல்லவில்லை. சட்டம் போட்டவர் அவரல்ல. செப்டம்பர் 29-ல் பஜ் பஜில் கப்பல் நின்றபோது, அவர்களைப் பஞ்சாபுக்கு ஏற்றிப்போக ஸ்பெஷல் ரயில் ஒன்று தயாராக நின்றது. பெரும்பாலோர் ஏற மறுத்துக் கல்கத்தா நோக்கி நடந்தார்கள். திருப்பிக் கொண்டுவந்தார்கள். இருட்டுகிற நேரம் ஸ்டேஷன் அருகே துப்பாக்கிச் சூடு. சுமார் இருபது பயணிகள் செத்தார்கள். அந்த ரயிலின் பெட்டிகளைக் கோத்தவன், பாதையைச் சரிபார்த்தவன், கொடி காட்ட நின்றவன் எல்லாம் என்னைப் போன்ற சிப்பந்திகள்தானே?

உத்தியோக காலத்தில் ஒரு சமயம், ஊர் வேண்டாம், லைன் ஓரத்துக் குடிசைகளை அப்புறப்படுத்தும்போது டேப் பிடித்து அளந்து கொடுத்தவன் நான். அளவு சரியாகத்தான் இருந்தது. ஒரு கிழவி தன் மண் அடுப்பை உடையாமல் பெயர்த்துக்கொண்டு போனாள். அதை இந்தப் பத்திரிகையில் இன்றுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

பேரன் கட்டுரையில் ஒரு பாரா சேர்த்துவிட்டான். டீச்சர் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, மேலும் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். டிசம்பரில் வருகிறான். நினைவுச் சின்னத்தைப் பார்க்க அவனை லோக்கலில்தான் கூட்டிப்போகப் போகிறேன். டாக்சி வேண்டாம் என்று மகனிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று.