இந்தியன் ஓஷனை வளர்த்தது சினிமாவா?

ஓர் இசைக்குழு நாடு முழுக்கப் போய்க் கச்சேரி செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு சினிமாப் பாட்டு ஹிட்டாக வேண்டும் என்பார்கள். சாட்சிக்கு டெல்லியின் இந்தியன் ஓஷனை இழுப்பார்கள்: 'பிளாக் ஃப்ரைடே' படத்தின் 'பந்தே' இல்லாவிட்டால் இவர்களை யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே இந்த வாதம் ஆட்டம் காண்கிறது. கிதார் வாசித்த சுஷ்மித் சென்னும், தபலா அடித்துக்கொண்டே பாடிய அசீம் சக்ரவர்த்தியும் 1990இல் குழுவைத் தொடங்கினார்கள். பாஸ் கிதாருக்கு ராகுல் ராம் 1991இல் சேர்ந்தார். டிரம்ஸுக்கு அமித் கிலம் 1994இல் வந்தார். அடுத்து வந்த 'டெசர்ட் ரெயின்' ஆல்பம், 1997 புத்தாண்டு நாளில் டெல்லியில் தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக சஹ்மத் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் வாசித்ததன் நேரடிப் பதிவு. அந்தக் குழுவின் பலம் மேடையில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2000இல் 'கந்தீசா' வந்தது. அவர்களை டெல்லிக்கு வெளியே பரவலாகக் கொண்டுபோன ஆல்பம் இது. பிளாக் ஃப்ரைடேயோ மும்பை குண்டுவெடிப்பு வழக்கை ஒட்டிய நீதிமன்றத் தடையில் சிக்கி, 2007இல்தான் திரையரங்குக்கு வந்தது.

கூட்டத்துக்குப் புரிகிற மொழி வேண்டும், சினிமா மெட்டு வேண்டும் என்றும் சொல்வார்கள். 'கந்தீசா' என்ற அந்தப் பாடலே கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேய மொழி வழிபாட்டிலிருந்து வந்தது. அரங்கத்தில் எத்தனை பேருக்கு அந்த மொழி தெரிந்திருக்கும்? 'மா ரேவா' நர்மதைப் பள்ளத்தாக்கின் பாட்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ராகுல் ராம், நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் ஊர்மக்களோடு இருந்தவர். அங்கே கேட்டது மேடைக்கு வந்தது. எந்தப் படத்தின் கதைச் சூழலுக்காகவும் இவை போடப்படவில்லை.

பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' புதிய ரசிகர்களைச் சேர்த்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பத்தாண்டுக்கு மேல் மேடையில் உருவான ஓசையைத்தான் பிளாக் ஃப்ரைடே இயக்குநர் அனுராக் காஷ்யப் தேடிப் போனார். 2015இல் 'மசான்' படத்துக்கும் அதே ஓசைதான் தேவைப்பட்டது. சினிமா அவர்களிடம் வந்தது. வரிசையைத் தலைகீழாக்கினால், இன்று சினிமா வாய்ப்பில்லாமல் சிறு அரங்குகளில் வாசிக்கும் இளைஞர்களுக்கு நாம் தவறான வழியைக் காட்டியவர்களாவோம்.

சினிமா கைவிட்டால் வருமானம் ஏது என்பது கடைசி வாதம். 2009 டிசம்பரில் அசீம் காலமானார். மறு ஆண்டு, அவர் குரல் பதிவான '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தின் ஏழு பாடல்களையும் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். கச்சேரிதான் சோறு போடுகிறது என்ற தெளிவு இருந்ததால் அது முடிந்தது. 2013இல் சுஷ்மித்தும் விலகினார். தொடங்கிய இருவருமே இல்லாமல், புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது.