ஒரு சேனல் மூடினால் நூல்களும் போய்விடுமா?

1933 அக்டோபரில் 'குடிஅரசு' ஏட்டில் வந்த ஒரு தலையங்கத்துக்காகப் பெரியார் மீது இராஜதுரோக வழக்கு போடப்பட்டது. 'குடிஅரசு' நின்றது. ஆனால் அந்த நவம்பரிலேயே 'புரட்சி' வெளிவந்தது. அதுவும் நின்றபோது 1934இல் 'பகுத்தறிவு' வந்தது. 1935இல் மீண்டும் 'குடிஅரசு' வந்தது. ஏட்டின் பெயர்தான் மாறியது. எழுதியவர்களும் அச்சுக் கோத்தவர்களும் வாசித்தவர்களும் கலையவில்லை.

இன்று நம் நூல்கள் அப்படிப்பட்ட பாதுகாப்போடு இருக்கின்றனவா? மறுபதிப்பு காணாத நூலையும் விலை எட்டாத தொகுதியையும் நம் இளைஞர்கள் தேடுவது டெலிகிராம் சேனல்களில்தான். அந்தச் சேனலை ஒரே ஓர் அட்மின் நடத்துகிறார். ஒரு புகார் போதும், ஒரே இரவில் எல்லாம் போய்விடும். கோப்புகள் மட்டுமா? எந்த நூல் யாரிடம் இருக்கிறது என்ற விவரமும் சேர்ந்தே அழிகிறது.

நூல் யார் கைக்குப் போகலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. வே. ஆனைமுத்து தொகுத்த 'பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்' 1974இல் திருச்சி சிந்தனையாளர் கழகத்தின் வெளியீடாக மூன்று தொகுதிகளாக வந்தது. அடுத்த பதிப்புக்குத் தமிழ்நாடு பல ஆண்டுகள் காத்திருந்தது. பின்னர், 1925 முதல் 1938 வரையிலான 'குடிஅரசு' எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகம் வெளியிட முன்வந்தபோது, பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிப்புரிமை கோரி உயர்நீதிமன்றம் போனது. 2009இல் நீதிபதி கே. சந்துரு தடை தர மறுத்தார்; 2010இல் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதிசெய்தது. ஒளிந்து பரப்பியிருந்தால் இந்தத் தீர்ப்பு கிடைத்திருக்காது. வெளிப்படையாக நின்று வாதாடியதால்தான் அந்த எழுத்துகள் வீதிக்கு வந்தன.

இப்போது பல தோழர்கள், 'மையமில்லாத சமூக வலைத்தளங்களுக்குப் போய்விட்டால் யாரும் நம்மை முடக்க முடியாது' என்கிறார்கள். பாதி உண்மை. 2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் கணக்கை ட்விட்டர் முடக்கியதும், தலித் பகுஜன் குரல்களிடம் அது பாகுபாடு காட்டுகிறது என்ற கோபமும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாஸ்டோடனுக்குப் போனார்கள். அங்கே ஒரே முதலாளி இல்லை. ஆளுக்கொரு சர்வர் நடத்தலாம், எல்லாம் ஒன்றோடொன்று பேசும்.

ஆனால் சர்வர் நடத்துபவரும் ஒரு வாசற்காவலர்தான். 2023இல் ரெட்டிட்டோடு மோதல் வந்தபோது அங்கிருந்த திருட்டுப் பிரதி சமூகத்தார் பலர் லெம்மி என்ற மையமில்லாத தளத்துக்குப் போனார்கள். அதே ஆகஸ்டில், லெம்மியின் பெரிய சர்வர்களில் ஒன்று சட்டச் சிக்கலுக்கு அஞ்சி அந்தச் சமூகத்தைத் தன் பயனர்களுக்கு மறைத்தது. சமூகம் அழியவில்லை, ஏனென்றால் அது தன் சொந்தச் சர்வரில் இருந்தது. மாஸ்டோடனில் கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள். பழைய பதிவுகள் வராது. ஆக, தளம் மாறுவது மட்டும் நம்மைக் காப்பாற்றாது. பொறுப்பைப் பலர் பகிர்ந்துகொண்டால்தான் காப்பாற்றும்.

அதற்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, நூல்களின் பட்டியலைக் கோப்புகளிலிருந்து பிரித்து, பல ஊர்களில் பலரிடம் வையுங்கள். இரண்டாவது, சர்வரின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. மாஸ்டோடனின் சர்வர் உடன்படிக்கையே இன்னொருவரிடமும் அவசரச் சாவி இருக்க வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்கிறது. அந்த இன்னொருவர் பெண்ணாக, சேரியிலிருந்து வந்தவராக இருக்கட்டும். தொழில்நுட்பம் தெரிந்த நாலு பேர் கையில் எல்லாம் இருந்தால் அது புது அக்கிரகாரம்.

மூன்றாவது, எதைப் பரப்புகிறோம் என்பதில் நேர்மை. அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. அவற்றைத் தயங்காமல் பரப்புங்கள். உயிரோடிருக்கும் தலித் எழுத்தாளரின் புத்தகத்தை, கடன் வாங்கி அச்சடித்த சிறு பதிப்பகத்தின் புத்தகத்தை ஸ்கேன் செய்து போடுவது புரட்சி அல்ல. அது நம் ஆளின் வயிற்றில் அடிப்பது. அவற்றை வாங்கிப் படிப்பகத்தில் வையுங்கள், கைமாற்றிப் படியுங்கள்.

2006 டிசம்பரில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் எதிரே, திறப்பதற்கு முன்பே பெரியார் சிலையை உடைத்தார்கள். அதே மாதம் அங்கே சிலை திறக்கப்பட்டது; இன்றும் நிற்கிறது. மறுபடி நிறுத்த ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்பதே காரணம். நம் நூல்களுக்கும் அப்படி ஆட்கள் வேண்டும், தோழர்களே. அடுத்த சேனல் முடங்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் ஊரில் ஐந்து பேர் கூடுங்கள்.