பத்திரிகையைக் கொன்றது இணையம் இல்லை

போர் விளையாட்டுப் பத்திரிகைகளை இணையம் கொன்றுவிட்டது என்கிறார்கள். சும்மா. இணையம் வீட்டுக்கு வரும் முன்பே காரியம் முடிந்துவிட்டது.

விரல் உயரச் சிப்பாய்களை மேசையில் அடுக்கிப் போர் நடத்துபவர்களுக்காக டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-ல் 'வார்கேமர்ஸ் நியூஸ்லெட்டர்' தொடங்கினார். நம்மூரில் 'எழுத்து' வந்துகொண்டிருந்த காலம். குணமும் அதேதான்: வாசகர்களே எழுதினார்கள், வாசகர்களே சண்டை போட்டார்கள்.

1977-ல் வந்த 'ஒயிட் டுவார்ஃப்' கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் பத்திரிகை. ஆனாலும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 'ரூன்குவெஸ்ட்' என்று பிறர் விளையாட்டுக்கும் இடம் கொடுத்தது. எண்பதுகளின் முடிவில் கதவைச் சாத்தியாச்சு. அப்புறம் சொந்தச் சரக்கு மட்டும். விலைப்பட்டியலைக் காசு கொடுத்து வாங்க வைத்தார்கள்.

இங்கே வள்ளூரில், அனல்மின் நிலையப் புகைக்கூண்டு தெரியும் மொட்டைமாடியில் நாலு பேர் ஆடுகிறோம். இறக்குமதிச் சிப்பாய் கட்டுப்படியாகாது, அட்டையில் வெட்டிக்கொள்கிறோம். அட்டைச் சிப்பாயால் யாருக்கும் லாபமில்லை, அதனால் எந்த விலைப்பட்டியலும் அதைப் பேசாது. புதுப்பெட்டி பிரித்துக் காட்டும் யூடியூப்காரரும் பேசமாட்டார்.

பேச வேண்டியது நாம்தான். நாலு பக்கம் ஜெராக்ஸ், ஒரு ஸ்டேப்ளர் பின். நம் விதிகளை நாமே அச்சிடுவோம். பிடிக்காதவர்கள் மறுத்து எழுதட்டும், அடுத்த இதழில் போடுவோம்.