ஒரே சென்சார், மூன்று விலை

குழந்தை தவழ ஆரம்பித்ததும் அப்பாக்களுக்குக் கேமரா ஆசை வந்துவிடுகிறது. நேராக எனக்குப் போன். “அண்ணே, சோனியில ஏ6100 எடுக்கலாமா, ஏ6400-ஆ, இல்ல கொஞ்சம் கூடப் போட்டு ஏ6600-ஏ எடுத்துடவா?”

மூன்றும் 2019-இல் வந்தவை. மூன்றிலும் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸும் ஒன்றே, 425 புள்ளிகள். ஒரே லென்ஸை மாட்டி ஒரே இடத்தில் எடுத்த மூன்று படங்களைக் கலைத்துப் போட்டால், எது எதில் எடுத்தது என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது.

பிறகு எதற்குக் கூடுதல் காசு? ஏ6400-இல் வியூஃபைண்டர் தெளிவு, தூசிக்கும் ஈரத்துக்கும் ஓரளவு தாங்கும் உடம்பு. ஏ6600-இல் பெரிய பேட்டரி. ஒரு சார்ஜில் ஏறக்குறைய இரண்டு மடங்கு படம். கூடவே, கை நடுக்கத்தைச் சமாளிக்க சென்சாரே அசைந்து கொடுக்கும் வசதி. ஆனால் பிளாஷ் கிடையாது. அது மற்ற இரண்டில்தான். திரையை மேலே மடக்கி உங்களையே பார்த்துப் பேசலாம் என்பார்கள். தலையில் மைக்கைச் செருகினால் அது திரையை மறைக்கும். மூன்றிலும் இதே கூத்து!

நடுக்கம் தடுக்கும் வசதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது நம் கை ஆட்டத்தை நிறுத்தும். குழந்தையின் ஆட்டத்தை நிறுத்தாது. டியூப்லைட் வெளிச்சத்தில் 1/15 நொடி ஷட்டரில் எடுத்தால் பின்னாலிருக்கும் பீரோ பளிச்சென்று விழும், பிள்ளை மட்டும் புகையாக ஓடும். அதற்கு மருந்து வெளிச்சம். கூட வரும் 16-50 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப்5.6. எஃப்1.4 லென்ஸ் ஒன்றை மாட்டினால் அதைப்போல 16 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே இடத்தில் ஷட்டரை 1/250-க்குக் கொண்டுபோகலாம். குழந்தை அசங்காமல் விழும்.

ஆகவே, என் ஓட்டு ஏ6100-க்கு. மிச்சமாகும் பணத்தில் சிக்மா 30 எம்எம் எஃப்1.4 லென்ஸும் உபரி பேட்டரி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்தபடி வீடியோ எடுப்பதுதான் உங்கள் பைத்தியம் என்றால் மட்டும், என் பேச்சைக் கேட்காமல் ஏ6600 பக்கம் போங்கள்.