வேப்பங்குச்சியும் சீனத் துறவியும்



சென்ற வாரம் நான்காம் வகுப்பில் ஒரு சச்சரவு. தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் தாமான் வீட்டுக்குக் குடிபோன ஒரு மாணவனின் தாத்தா, வாசலில் நின்று வேப்பங்குச்சியால் பல் துலக்குகிறாராம். "காட்டுப் பழக்கம்" என்று பிள்ளைகள் கேலி செய்ய, பையன் அழுதுகொண்டு வந்து நின்றான். வகுப்புக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கி.பி. 671-இல் இட்சிங் என்ற சீனத் துறவி கப்பலேறினார். ஸ்ரீவிஜயத்தில் தங்கி, நம் முன்னோர் கடாரம் என்றழைத்த கெடா வழியாக இந்தியா சென்று, நாலந்தாவில் ஏறக்குறையப் பத்தாண்டுகள் பயின்றார். திரும்பும் வழியில் மீண்டும் ஸ்ரீவிஜயத்தில் தங்கி, இந்தியாவிலும் அங்கும் கண்ட மட ஒழுக்கங்களை எழுதி, 692-இல் சீனாவுக்கு அனுப்பினார். தம் நாட்டுத் துறவிகள் விதிகளைத் தவறாக நடத்துகிறார்களே என்பது அவர் கவலை.

அதில் பல்குச்சிக்கும் ஓர் அத்தியாயம் உண்டு! குச்சி பன்னிரண்டு விரல் நீளம். கசப்பு, துவர்ப்பு, காரமுள்ள மரமானால் நல்லது. நுனியை மென்று பல் துலக்கி, குச்சியை வளைத்து நாக்கையும் வழிக்க வேண்டும். பிறகு கழுவி, ஒதுக்குப்புறமாகப் போட வேண்டும். போடுமுன் இருமியோ விரலைச் சொடுக்கியோ ஓசை எழுப்ப வேண்டும். குடிக்கும் நீருக்கு மண் அல்லது பீங்கான் குடம். கழுவும் நீருக்குச் செம்பு அல்லது இரும்புக் குடம். இரண்டும் கலக்கக் கூடாது.

என்னைத் தொட்ட விதி ஒன்று உண்டு. வாய் கொப்பளிக்காமல், கை கழுவாமல் ஒருவரை வணங்கினால், வணங்கியவருக்கும் குற்றம், ஏற்றுக்கொண்டவருக்கும் குற்றம். சுத்தம் என்பது நம் உடம்புக்கு மட்டுமல்ல, எதிரில் நிற்பவருக்குச் செய்யும் மரியாதை.

"இன்று காலை பல் துலக்காமல் எனக்கு வணக்கம் சொன்னவர் யார்?" என்று கேட்டேன். கேலி செய்த கூட்டத்திலேயே நான்கு தலைகள் குனிந்தன. அழுத பையன் சிரித்துவிட்டான்.

அவனிடமும் ஒன்று சொன்னேன்: "ஐயா, தாத்தாவின் குச்சியில் குற்றமில்லை. ஆனால் அதைப் பக்கத்து வீட்டு வாசல் காலுவாயில் எறிந்தால் குற்றம்தான்."

இட்சிங் கண்ட துறவிகள் நீரைத் துணியால் வடிகட்டியது, அதிலுள்ள பூச்சிகள் சாகக் கூடாதென்று. துணி கிருமியைத் தடுக்காது, தாய்மார்களே! சந்தேகமுள்ள தண்ணீரை நாம் கொதிக்க வைத்தே குடிப்போம். பிள்ளைகள் நாளைக் காலை வணக்கம் சொல்லுமுன் பல் துலக்கினார்களா என்றும் பார்த்துக்கொள்வோம்.