ரிப்பன் வெட்டியாச்சு... உட்கார இடம் இருக்கா?



கொஞ்ச காலமா நம்ம டைம்லைன்ல ஒரு நல்ல விஷயம் அடிக்கடி வருது. நகராட்சிகள்ல புதுசா திறக்கிற ‘நூலகம் மற்றும் அறிவுசார் மைய’ கட்டடங்களோட படங்கள். கண்ணாடி முகப்பு, கலர் லைட், ரிப்பன், கைத்தட்டல். நாமளும் ஷேர் பண்றோம், ஹார்ட் போடறோம். தப்பே இல்ல. ஒரு ஊருக்கு நூலகம் வர்றதைக் கொண்டாடாம வேற எதைக் கொண்டாடுறது?

ஆனா இன்னைக்கு அந்தப் படத்துக்கு உள்ள கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

இதை எழுதுற நான் சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன். வேலை கிடைக்காம ஒன்றரை வருஷம் போட்டித் தேர்வுக்குப் படிச்சேன். வீட்டுல ஒரே ரூம். ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் அம்மாவோட தையல் மெஷின். அதனால ஊர் நூலகம்தான் கதி. பழைய கட்டடம், மாடியில இருந்துச்சு. ஒரே ஒரு நீள டேபிள். மழை வந்தா ரேக் மேல தார்ப்பாய். கழிவறை கிடையாது.

எங்க கூடப் படிச்ச ஒரு அக்கா, நாள் முழுக்க ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. ஏன்னு எங்களுக்கு அப்போ புரியல. மூணாவது மாசம் வர்றதை நிறுத்திட்டாங்க. அப்புறம்தான் புரிஞ்சுது. புரிஞ்சப்போ வெட்கமா இருந்துச்சு.

பத்துக்கு ஆறு அடியில ஒரு அறை இல்லாததால ஒரு பொண்ணோட படிப்பு நின்னுச்சு தோழர்களே. கட்டட வடிவமைப்புன்னா முகப்பு கண்ணாடின்னு நினைச்சுட்டு இருந்தவனுக்கு, காலேஜ்ல சொல்லித்தராத பாடம் அது.

பெரிய நூலகங்கள் இதைச் சரியா செஞ்சிருக்கு. சென்னை கோட்டூர்புரத்துல 2010 செப்டம்பர் 15-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை எடுத்துக்கோங்க. ஒன்பது மாடி. குழந்தைகளுக்குத் தனிப்பகுதி, நடுவுல ஒரு செயற்கை மரம். பார்வையற்றவங்களுக்குப் பிரெய்ல் பிரிவு. இதையெல்லாம் விட எனக்குப் பெருசாத் தெரியுறது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கிற பகுதி. “உன் வீட்டுல இடம் இல்லையா, இங்க வந்து உட்காரு”ன்னு அரசாங்கமே சொல்ற மாதிரி! அந்த ஒரு ஹால்ல இருந்து எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பாங்கன்னு யோசிங்க.

அடுத்து 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் அன்னைக்கு மதுரை நத்தம் சாலையில கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2 லட்சம் சதுர அடிக்கு மேல. தென்மாவட்டத்துப் பசங்க பஸ் ஏறி வந்து படிச்சுட்டுப் போறாங்க.

ஆனா எல்லாரும் மதுரைக்கும் சென்னைக்கும் போக முடியுமா? உங்க ஊர்ல வர்ற சின்ன கட்டடத்துலதான் விஷயமே இருக்கு. அதனால, உங்க ஊர்ல புது நூலகம் திறந்தா, இல்ல பிளான் போட்டுட்டு இருந்தா, நேர்ல போய் இதையெல்லாம் பாருங்க:

1. தளம் எடை தாங்குமா? இந்தியத் தரக் குறியீட்டின்படி வீட்டு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பாரம் கணக்குப் போட்டா போதும். புத்தக அடுக்கு அறைக்குக் குறைஞ்சது 6. மூணு மடங்கு! “காலியா ஒரு பழைய கட்டடம் இருக்கு, மாடியில நூலகத்தை வெச்சுக்கலாம்”னு யாராவது சொன்னா, இந்தக் கணக்கைக் கேளுங்க.

2. வெயில் எந்தப் பக்கம்? நம்ம ஊர்ல மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வெச்சா மூணு மணிக்கு மேல உள்ள உட்கார முடியாது. ஏசி போட்டா கரண்ட் பில் கட்ட முடியாது. புத்தகமும் பழுப்பேறிப் போகும். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், மேற்கே ரேக்கும் படிக்கட்டும். செலவே இல்லாத தீர்வு.

3. சாய்தளம். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். பல இடத்துல பேருக்கு ஒரு சறுக்குமரம் கட்டி வெச்சிருப்பாங்க. வீல்சேர்ல வர்றவர் யார் உதவியும் இல்லாம ஏறணும், அதுதான் டெஸ்ட்.

4. பெண்களுக்குத் தனிக் கழிவறை, தண்ணி வசதியோட, பூட்டு போடாம. இதை ஏன் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.

5. குழந்தைங்க சத்தமா வாசிக்க ஒரு அறை, பெரியவங்க அமைதியா படிக்க ஒரு அறை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவர். டேபிளுக்கு டேபிள் பிளக் பாயிண்ட்.

6. மேல இன்னொரு மாடி கட்ட அஸ்திவாரம் தாங்குமா? நூலகம் வளர்ந்துட்டே இருக்கிற உயிர் மாதிரின்னு 1931-லேயே சொல்லிட்டுப் போனார் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். உலகமே அவரைப் படிக்குது. நம்ம ஊர் கான்ட்ராக்டரும் படிக்கணும்.

“இதுக்கெல்லாம் காசு எங்கே?”ன்னு கேட்பாங்க. நாமதான் கொடுத்துட்டு இருக்கோம் தோழர்களே! 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியில ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 2,000 ரூபாய் வரி கட்டுற வீடு, நூலகத்துக்கு 200 ரூபாய் தருது. உங்க வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்க. அந்தப் பணம் நூலகத்துக்கு முழுசாப் போய்ச் சேருதான்னு கேட்கிற உரிமை, ரசீது வெச்சிருக்கிற எல்லாருக்கும் இருக்கு.

கடைசியா ஒண்ணு. அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011 நவம்பர்ல மாத்திட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போறோம்னு அப்போதைய அரசு அறிவிச்சது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போச்சு, சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. இன்னைக்கும் அங்க பசங்க படிக்கிறாங்க. கட்டினவங்க பேர் கல்வெட்டுல இருக்கும். ஆனா ஆட்சி மாறினாலும் ஒரு நூலகம் நிக்கணும்னா, “இது எங்களுது”ன்னு சொல்ற வாசகர் கூட்டம் வேணும்.

அதனால இந்த ஞாயிறு ஒரு வேலை செய்வோம். போஸ்டர் வேண்டாம், கொடி வேண்டாம். அவங்கவங்க ஊர் நூலகத்துக்குப் போங்க. நூலகம் லீவா இருந்தா அதையும் குறிச்சுக்கோங்க, வேலைக்குப் போறவன் ஞாயிறு வராம வேற என்னைக்கு வருவான்? மேல சொன்ன ஆறையும் பாருங்க. நல்லா இருந்தா நூலகருக்கு நன்றி சொல்லி, உறுப்பினரா சேருங்க. குறை இருந்தா போட்டோ எடுத்து, வார்டு கவுன்சிலர்கிட்ட மனுவா கொடுங்க. அவர் நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் கொடுங்க. நம்ம கட்சிக்காரர்னா முதல் ஆளா கொடுங்க!

அந்த அக்கா இப்போ எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்க மக வளர்ந்து ஒரு நூலகத்துக்கு வந்தா, தைரியமா ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு சாயங்காலம் வரை படிக்கணும்.

அதுக்குத்தான் இந்தப் பதிவு.

#நம்ம_ஊர்_நூலகம்